ஆற்றில் விடாத கம்பளி

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாசி பிறந்து நாலாம் நாள், உடன்குடிக்குத் தெற்கே பனங்காட்டில் பதநீர் உறைந்து பன்னிரண்டு கலயங்கள் வெடித்தன. கருப்பட்டி நல்ல விலைக்குப் போன வருஷம் அது. விடிந்ததும் விடியாததுமாக மரத்தில் ஏறியிருந்த முத்துமாலையின் முகத்துக்கு நேரே முதல் கலயம் வெடித்து, ஓட்டுச் சில்லு ஒன்று அவன் கன்னத்தைக் காது வரைக்கும் கிழித்தது. கலயம் இருந்த இடத்தில் கலயத்தின் அச்சாகவே பதநீர் வெள்ளைக் கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழிந்த ரத்தமும் தாடைக்கு வருமுன்னே கட்டியாகிவிட்டது. அந்தப் பக்கத்துச் சனங்கள் ஆயுசில் கம்பளி வாங்கியவர்கள் கிடையாது. குளிர் என்றால் அவர்களுக்கு ஒரு தம்ளர் சுக்குக்காப்பியோடு தீர்கிற விஷயம். முத்துமாலை இறங்கி வந்து, தன் வீட்டு வேலியில் வெயிலுக்கு விரித்துப் போட்டிருந்த கறுப்புக் கம்பளியைப் பார்த்தான். மூன்று நாளைக்கு முன்னால்தான் அவன் தங்கை பேச்சித்தாய், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஐந்து வயது மகளோடும் அந்தக் கம்பளியோடும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

பேச்சித்தாயின் புருஷன் சுடலைமணி, பாபநாசத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் செடிகளின் தலையைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவன். மேலே மார்கழி என்றால் சும்மா இல்லை. கூரைத் தகரம் காலையில் சொட்டும், உடுத்திய துணி மூன்று நாளானாலும் காயாது, கைவெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். சாக்கை இடுப்பில் கட்டி, காகிதத்தைச் சட்டைக்குள் செருகி, கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டு காலத்தைத் தள்ளுவார்கள். எஸ்டேட்டில் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பது வழக்கம். ஆனால் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் சூப்பர்வைசர் முன்னால் அதைப் போர்த்திக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி எந்தச் சட்டத்திலும் கிடையாது. சூப்பர்வைசர் தில்லைநாயகத்துக்கு அப்படித்தான் வேண்டும், அவ்வளவுதான். மலைக்குக் கீழே டவுணில் மேலரதவீதிக்காரர். தாத்தா காலத்தில் ஆற்றுப்பாசன வயல் நூறு கோட்டை விதைப்பாடு இருந்ததாம். வயல் போனபிறகும் அந்த மிடுக்கு போகவில்லை. அவர் பனியன், சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, அதற்குமேல் மப்ளர் என்று ஐந்து உறை போட்டுக்கொண்டு நிற்க, ஆட்கள் கம்பளியை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு 'அய்யா' என்று குரல் கொடுக்க வேண்டும்.

பெருவெள்ளம் வந்த வருஷத்து மார்கழி அது. சுடலைமணிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கம்பளியைத் தலையோடு போர்த்தியபடி பெரட்டுக்கு வந்து நின்றான். பேர் கூப்பிட்டபோது இறக்கவில்லை. வேண்டுமென்றே அல்ல, அவனால் கையைத் தூக்க முடியவில்லை. தில்லைநாயகம் கவாத்துக் கம்பால் அவன் தோளில் நாலு போட்டார், முகத்தில் ஒன்று போட்டார். பல் ஒன்று களத்தில் விழுந்தது. கம்பளியை உருவித் தேயிலைச் செடி மேல் எறிந்துவிட்டு, "ஓடைக்குள்ள நில்லுலே. பத்து மணிக்கு கொழுந்து நிறுக்கும்போது வந்து பாக்கேன்" என்றார். முழங்கால் தண்ணீரில் சுடலைமணி நின்றான். சுற்றி எண்பது பேர் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பேச்சித்தாயும் ஒருத்தி. அவள் இரண்டு தரம் ஓடிப்போனாள், இரண்டு தரமும் கங்காணி தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். பத்து மணிக்குத் தில்லைநாயகம் வந்து பார்த்தபோது சுடலைமணி விழாமல், சாயாமல், நின்றபடியே செத்திருந்தான். நாலு பேர் சேர்ந்துதான் அவனை ஓடையிலிருந்து பிடுங்க முடிந்தது. காய்ச்சலில் செத்தான் என்று எழுதினார்கள். அந்த மூன்று மணி நேரமும் செடி மேல் கிடந்த கம்பளி, மலையில் இருந்த குளிர் பூராவையும் குடித்திருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாபநாசம் படித்துறைக்கு வந்தார்கள். செத்தவன் மேலே கிடந்தது எதுவானாலும் ஆற்றோடு விட வேண்டும், அது காலங்காலமாக உள்ளது. பேச்சித்தாய் சட்டையை விட்டாள், வேட்டியை விட்டாள், பனியனை, துண்டை, வார் அறுந்த செருப்பைக்கூட விட்டாள். காரியம் செய்துவைத்தவர், "வேற ஒண்ணும் இல்லியா தாயி?" என்று கேட்டார். மகள் கலையரசி கரையில் அந்தக் கம்பளியை மடித்தபடி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத, நல்ல கனமான கம்பளி. பிள்ளைக்கு வேறு போர்வை கிடையாது. "வேற ஒண்ணும் இல்ல" என்று பேச்சித்தாய் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அந்த இடத்தில் நின்றிருந்தால் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள்.

உடன்குடியில் கலயம் வெடித்ததோடு நிற்கவில்லை. மறுநாள் பத்துக் கோழி, அதற்கு மறுநாள் முத்துமாலையின் சினையாடு. மூன்றாம் நாள் நாற்பது பனைகள் உச்சியிலிருந்து தூர்வரை வேட்டுச் சத்தத்தோடு பிளந்தன. முத்துமாலையின் மனைவி மாரிக்கண்ணு நாத்தனாரிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒன் அண்ணன் முகத்த கொஞ்சம் பாரு தாயி" என்று மட்டும் சொன்னாள். பனை போனவர்கள் அப்படி இருப்பார்களா? ஏழெட்டுப் பேர் அரிவாளோடு வந்தார்கள். முன்னால் வந்தவன் வேலியில் கிடந்த கம்பளியை வெட்டப் போனான். அரிவாளின் இரும்புப்பிடி அவன் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. உதறினான், தோல் அரிவாளோடு போயிற்று. மற்றவர்கள் கல்லால் அடித்து முத்துமாலையின் மண்டையை உடைத்துவிட்டுத் திரும்பினார்கள். பேச்சித்தாய் அண்ணன் தலைக்குத் துணி சுற்றிவிட்டு, கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு, மகளோடு கிழக்கே நடந்தாள். மடித்ததும் குளிர் அடங்கியதை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

குலசேகரன்பட்டினத்தில் அலிமா பீவி என்று ஒரு மீன் வியாபாரி. பேச்சித்தாய் அக்கா முறை வைத்து அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். யார் என்ன சொன்னாலும் நேரில் பார்த்து முடிவு செய்கிற பொம்பளை. கம்பளியை நாலாக மடித்தால் குளிர் உள்ளேயே கிடக்கும், ஒரு மடிப்பு விரித்தால் ஒரு கொட்டகை மீன் இரண்டு நாள் கெடாது, முழுக்க விரித்து உதறினால் ஊர் தாங்காது என்று அவள் பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். ஐஸ்கட்டி லாரியை நிறுத்தினாள். பேச்சித்தாய்க்கு மீன்கொட்டகையிலேயே ஒரு மூலையும், தினமும் சோறும் குழம்பும் கிடைத்தது. அப்படி மூன்று தசரா போயிற்று. ஒரு தசராவுக்குக் காளி வேஷம் கட்டிக் காணிக்கைக்கு வந்தவனின் தகர நாக்கு கொட்டகை வாசலில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றிப் பிரித்து அனுப்பினார்கள். ஊர் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். கலையரசி அந்தக் கம்பளியை மடித்தபடியே கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். பிடுங்கினால் கத்தித் தீர்த்துவிடுவாள். "அப்பா மேல படுத்திருக்குத மாதிரி இருக்கும்மா" என்பாள். முதல் வருஷம் அவளுக்கு வியர்ப்பது நின்றது. இரண்டாம் வருஷம் நகமும் முடியும் வளர்வது நின்றது. சித்திரை வெயிலில் அலிமா பீவியின் பேரப்பிள்ளைகள் தண்ணிப் பானையில் சாய்கிற மாதிரி அவள் மேல் சாய்ந்துகொள்வார்கள். தொண்ணூற்றாறு ஐப்பசியில், ஒன்பது வயதில் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் நின்றாள். அவள் ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வாய்ப்பாடு சொல்லிவிடலாம். அலிமா பீவி அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வியாபாரத்தையெல்லாம் மறந்து சொன்னாள்.

"ஏளா, புள்ள ஒன் கைய விட்டுப் போவுது. ஆத்துல விட வேண்டியத ஆத்துல விடு."

"விடத்தான் லாத்தா போறேன். ஆனா இதுக்குள்ள கெடக்க குளிரு எம் புருசன் நின்ன குளிரு. அது அவர நிக்க வச்ச ஆளுக்குள்ளது. அவன்ட்ட குடுத்துட்டு விடுதேன்."

"குடுக்கதுக்குள்ள புள்ள போயிருச்சுன்னா?"

பேச்சித்தாய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான். தில்லைநாயகம் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மேலரதவீதிப் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு, மனைவி பார்வதியம்மாளோடு சௌக்கியமாக இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மார்கழிக்காகக் காத்திருந்தாள். அந்த மாதத்தில்தான் சுடலைமணி செத்தான்.

டவுணில் மார்கழிக் குளிர் என்று ஒன்று உண்டு என்பது டவுண்காரர்களின் நம்பிக்கை. மலையில் இருப்பவனுக்கு அது வசந்தகாலம். இருந்தாலும் விடிகாலை பஜனைக்குப் போகிறவர்கள் குரங்குக்குல்லாவும் மப்ளருமாகக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குப் பஜனை முடிந்து, பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு தில்லைநாயகம் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, பார்வதியம்மாள் அப்போதுதான் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். செருப்பில்லாத காலோடு அவர் அந்த ஈரத்தில் நின்றார். எதிரே பேச்சித்தாய், இடுப்பில் மகள், அக்குளில் கம்பளி.

"யாரும்மா நீ?"

"சுடலைமணி பொஞ்சாதி."

"எந்தச் சுடலைமணி?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. அடிக்கிறவனுக்கு அடித்தது எங்கே ஞாபகம் இருக்கும்? பேச்சித்தாய் மகளைப் பைய இறக்கி நிறுத்தினாள். மலையில் தினமும் 'அய்யா' என்று கூப்பிட்ட வாயால் சொன்னாள்: "தலையில கெடக்குதத எறக்கும்வே."

தெருவில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். "ஏ பொம்பள, அண்ணாச்சிட்ட என்ன பேச்சு பேசுத?" என்று ஒருவர் வந்தார். தில்லைநாயகத்தின் வலது கை, பழைய வழக்கத்தில், அடிக்க உயர்ந்தது. பேச்சித்தாய் கம்பளியை முழுக்க விரித்து உதறினாள்.

எதிர்க் கடையில் ஆற்றிய பால் இரண்டு தம்ளருக்கும் நடுவில் கம்பியாக நின்றது. அல்வாக்கடைச் சட்டுவம் சட்டிக்குள்ளேயே முறிந்தது. மின்கம்பியிலிருந்து காக்கைகள் கல்லாகப் பொத்துப்பொத்தென்று விழுந்து, ஒருவர் மண்டை உடைந்தது. பனி பொடிக்கண்ணாடியாகப் பறந்து எல்லார் முகத்தையும் கீறியது. டவுண் பஸ் ஒன்றின் கண்ணாடிகள் மொத்தமாக நொறுங்கி உள்ளே இருந்தவர்கள் ரத்தத்தோடு இறங்கி ஓடினார்கள். வாசலில் தெளித்த தண்ணீர் தில்லைநாயகத்தின் காலைக் கவ்விப் பிடித்து, கணுக்கால் ஏறி, முழங்காலுக்கு வந்தது. தூக்கிய கை தூக்கியபடி விறைத்தது. பார்வதியம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அது மணிக்கட்டில் ஒடிந்து, மோதிரத்தோடு அவள் கையிலேயே வந்துவிட்டது. சொட்டு ரத்தம் வரவில்லை. அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே கெஞ்சினார். இன்னும் ஒரு நிமிஷம் போதும் என்று பேச்சித்தாய்க்குத் தெரிந்தது. மனசு நிறைந்து, மகளிடம் காட்டத் திரும்பினாள்.

கலையரசி விழாமல், சாயாமல், நின்றுகொண்டிருந்தாள். இமையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பேச்சித்தாய் அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், மூச்சு படவில்லை. ஓடையில் புருஷன் நின்ற நிலை அப்படியே அதுதான்.

பேச்சித்தாய் தில்லைநாயகத்தை ஒரு தரம் பார்த்தாள். நாலு வருஷப் பசி அது, விட மனசு வரவில்லை. பிறகு கம்பளியை மடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளங்கைத் தோல் உரிந்து அதில் ஒட்டியது. நாலாக மடித்து அக்குளில் இடுக்கி, விறைத்த பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாபநாசத்து ஆறே இறங்கி வருகிற குறுக்குத்துறை வரைக்கும் நிற்காமல் ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பளியை விட்டாள். அது போகாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தது.

"இம்புட்டுத்தான்" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

கம்பளி முழுகியது. பிள்ளையைத் தலையோடு மூன்று முழுக்குப் போட்டுத் தூக்கினாள். முதலில் இருமல் வந்தது. பிறகு நாலு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக, கலையரசிக்குக் காய்ச்சல் அடித்தது. அனலாகக் கொதித்த அந்த நெற்றியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு பேச்சித்தாய் படித்துறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

விசாரிக்க வந்த ஏட்டு, கம்பளி எங்கே என்று கேட்டார். ஆற்றைக் காட்டினாள். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் கரையேறிப் போய்விட்டார். கலையரசி ஒரே வருஷத்தில் முக்கால் அடி வளர்ந்தாள், பாவாடை வாங்கி மாளவில்லை. குறுக்குத்துறையில், மேல்படியிலிருந்து பதினைந்து எட்டு உள்ளே, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குத் தண்ணீர் ஐஸாக இருக்கும். அக்கினி நட்சத்திரத்திலும் அப்படித்தான். குளிக்கிறவர்கள் அங்கே ஒருவர் நிற்கிறார் என்பதுபோல் விலகிப் போவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு, "அங்கன ஒரு ஆளு நிக்காரு, இங்கன குளியும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

மார்கழி முப்பது நாளும் தில்லைநாயகம் அங்கேதான் குளிக்க வருகிறார். படியில் நின்று, இடது கையால் மப்ளரை அவிழ்த்து, குல்லாவைக் கழற்றி, இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தைப் பார்த்து மெதுவாக, "அய்யா" என்பார். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பார்.