ஊறப்போட்ட கைப்பிடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கைப்பிடிப் பயறின் கதை சொல்கிறேன்.

மழை பொய்த்தாலும் காய்க்கிற ஒரு பயறைப் பன்னிரண்டு வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவள் ஒருத்தி இருந்தாள். போன வருட வெள்ளத்தில் வயலில் நின்றதெல்லாம் அழுகிப்போய், ஒரு கைப்பிடி விதைதான் மிஞ்சியது. சாயங்காலம் விதைக்கலாமென்று அதைக் காலையிலேயே கிண்ணத்தில் ஊறப்போட்டாள். தூங்கிக்கொண்டிருந்த புருஷனை எழுப்ப மனமில்லாமல், சொல்லாமலே விவசாயிகள் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். "அடுத்த வருஷம் ஆளுக்கொரு கைப்பிடி விதை தர்றேன்" என்று அங்கே வாக்கும் கொடுத்தாள்.

திரும்பி வந்தால் வாசல்வரை பயறு வெந்த வாசம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக அடுப்படியில் வேர்த்து நின்றார்.

"வாங்க தலைவி! பசியோட வருவியேன்னு நானே சமைச்சிட்டேன். பயறை ஊறவெச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டியே!"

கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் அதை நிமிர்த்திப் பார்த்தாள்; ஒரு விதைகூட மிச்சமில்லை. தட்டின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பயறாக மென்றாள்.

"ஏன் கண்ணு கலங்குது? உப்பு ஜாஸ்தியா?"

"காரம்ங்க. நல்லாத்தான் இருக்கு."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியக்கூட கொத்தி வெச்சுட்டேன். விதைய எப்போ எடுத்துத் தருவே?"

"இந்த வருஷம் வேண்டாங்க. நிலம் கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி, மிச்சத்தை அவர் தட்டில் போட்டாள்.

உங்கள் வீட்டில் உண்ண ஒரு கைப்பிடியும் விதைக்க ஒரு கைப்பிடியும் என்றும் இருக்கட்டும், கண்ணுகளா. ஆசையாய்ச் சமைத்துப்போடும் கை நோகாமல் இருக்கட்டும்.