பன்னிரண்டு பெட்டி தக்காளி

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டிருந்த சீமோன் குளியலறை ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு றொக்கோவின் கராஜ் வாசலில் ஒரு சின்ன ட்ரக் நின்று தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. சீமோன் எண்ணினார். பன்னிரண்டு. ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை காய்ந்து இழுக்கத் தொடங்கும் வரை அவர் அங்கேயே நின்றார். றொக்கோவுக்கு எண்பத்து நான்கு வயது. மனைவி கொன்செத்தா பங்குனியில் செத்துப்போனாள். தனி மனிதன், வாரத்துக்கு இரண்டு தக்காளியே அதிகம். அவருக்கு எதற்குப் பன்னிரண்டு பெட்டி?

சீமோனுக்குச் சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது என்று சொல்ல முடியாது. அது ஆடி மாதமே வந்து வீட்டில் ஓர் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஞாயிறு தவறாமல் வுட்பிரிட்ஜிலிருந்து வருகிற மகன் ஃபிராங்கின் கறுப்பு வான் ஆறு கிழமையாக வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒருவன் அளவு நாடாவோடு வந்து அரை மணித்தியாலம் உள்ளே நின்றுவிட்டுப் போனான். இப்போது தக்காளி. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது: கிழவர் வீட்டை விற்கப்போகிறார். வீட்டை அளந்தாயிற்று. பிள்ளைகள் எல்லாரும் கடைசித் தடவையாக ஒன்றுகூடி, வருடா வருடம் செய்வதுபோல் சோசுக்குத் தக்காளி பிழிந்துவிட்டு, அந்த மேசையிலேயே கையெழுத்தும் போடப்போகிறார்கள். இவ்வளவும் சீமோனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கொன்செத்தாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று றொக்கோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "சிமோனே, நான் விற்றால் முதலில் உனக்குத்தான் சொல்லுவேன்" என்றிருந்தார். செத்தவீட்டில் அழுதுகொண்டிருக்கிற மனிதன் சொன்ன சொல்லை மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். சீமோன் அதை உறுதிப்பத்திரம் மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் மகள் ஸ்டெபனியும் பேத்தியும் வந்துவிட்டால், சுவரில் தட்டினாலே போதும், பேத்தி ஓடி வருவாள். இதை அவர் எத்தனையோ தடவை நினைத்து மகிழ்ந்திருக்கிறார். மார்க்கம் என்ற ஊரில் வாடகைக்கு இருக்கும் ஸ்டெபனியிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அது ஒரு சின்ன விஷயம் என்று நினைத்திருந்தார்.

பதினாலு வருடத்துக்கு முன் சீமோன் இந்த வீட்டை வாங்கியபோது தெரு முழுக்க இத்தாலிக்காரர். நகரின் பார்க்டேல் பகுதியில் அகதியாக இறங்கியவர், இருபது வருடம் இத்தாலிக்காரர்களின் உணவகங்களில் சட்டி கழுவிப் பிறகு சமைத்தவர், கடைசியில் அவர்களுடைய தெருவுக்கே குடிவந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பகிடி பண்ணினார்கள். இப்போது மிஞ்சியிருப்பது றொக்கோவும், மூலை வீட்டில் இரண்டு கிழட்டுச் சகோதரிகளும்தான். ஒரு வீடு போவதற்கு ஒரு ஒழுங்கு இருப்பதைச் சீமோன் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலில் பின்வளவுத் திராட்சைப் பந்தல் காயும். பிறகு முன்வாசல் மாதா சுருவம் காணாமல் போகும். பிறகு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி வந்து இறங்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறச் சுவரும் கறுப்பு ஜன்னலுமாக ஒரு புது வீடு, அதற்குள் வணக்கம் சொன்னால் காதில் பாட்டுக் கேட்கும் கம்பி மாட்டிக்கொண்டு கடந்துபோகும் ஒரு சோடி. கிழவர்கள் சீட்டு விளையாடிய கோப்பிக் கடையில் இப்போது நாய் குளிப்பாட்டுகிறார்கள். கோயிலில் இத்தாலியப் பூசை மாதத்தில் ஒன்று. ஆனி மாதத்தில் அந்தோனியார் சுருவம் தூக்கத் தோள் போதாமல் சீமோனையும் இன்னும் இரண்டு தமிழரையும் கூப்பிட்டார்கள். அந்தோனியார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இஞ்சருங்கோ, உதில நிண்டு எவ்வளவு நேரம் பாக்கப்போறியள்?" கீழேயிருந்து மனைவி றெஜினா கத்தினாள். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள், புருசன் எந்த ஜன்னலில் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பன்னிரண்டு பெட்டி இறக்கியிருக்கிறார். என்னமோ நடக்குது."

"ஒவ்வொரு வருசமும் இறக்கிறவர்தானே."

"அது மனிசி இருக்கேக்க. இப்ப ஆருக்கு?"

"அப்ப போய்க் கேளுங்கோவன். நீங்கள் பொலிசில சேந்திருக்கவேண்டிய ஆள்."

அவர் போகவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவதுதான் புத்தி என்று வரவேற்பறை ஜன்னலுக்கு இடம் மாறினார். மற்ற வருடங்களில் இந்த நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் தெருவில் கார் விட இடம் இருக்காது. ஃபிராங்க், அவனுடைய தங்கைமார், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த யாரோ மச்சான் என்று பதினைந்து பேருக்குக் குறையாது. கராஜுக்குள் பெரிய சத்தமாக இருக்கும். சண்டையா சந்தோசமா என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பிரித்தறிய முடியாது. பின்னேரம் கொன்செத்தா ஆறு போத்தல் சோசைக் கொண்டுவந்து தருவாள், றெஜினா ஒரு தட்டு மட்டன் றோல்ஸ் கொடுத்துவிடுவாள். ஒன்பது ஆனது. பத்து ஆனது. ஒரு கார்கூட வரவில்லை. பதினொன்றுக்கு விளம்பரத் தாள் போடுகிற பெண் வந்து போனாள். சந்தேகப்படுவதற்கு ஆளே இல்லாதபோது சீமோனுக்குச் சந்தேகம் இன்னும் கூடிற்று. பன்னிரண்டு மணிக்கு அவர் செருப்பைக் கொழுவிக்கொண்டு நடந்தார்.

கராஜுக்குள் றொக்கோ தனியாக இருந்தார். எட்டுக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒவ்வொரு கதிரையிலும் மடித்த ஏப்ரன் ஒன்று, அதன் மேல் ஒரு சின்னக் கத்தி. ஒன்றில் மட்டும் அவர் உட்கார்ந்து தக்காளியை இரண்டாக வெட்டி வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வெட்டி ஒரு பெட்டிகூட முடிந்திருக்கவில்லை.

"பார்க்க வந்தாயா, வேலை செய்ய வந்தாயா?" என்றார் நிமிராமல்.

இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருடைய ஆங்கிலமும் உணவக அடுப்படியிலும் கட்டட வேலையிலும் பொறுக்கியது. அதனால் அவர்களுக்குள் விளங்காமல் போவது ஒன்றும் இல்லை. சீமோன் ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பத்துத் தக்காளி வெட்டும் வரை பொறுத்தார். பிறகு பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "செவ்வாய்க்கிழமை ஒருவர் அளக்க வந்தாரே" என்றார்.

"கைபிடி." றொக்கோ கத்தியால் தரையைக் காட்டினார். "பேஸ்மென்ட் படிக்கு. இரண்டு பக்கமும் போடச் சொன்னேன். இங்கேதான் இருக்கப்போகிறேன், விழாமல் இருக்கவேண்டும் அல்லவா?"

சீமோனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆடியிலிருந்து கட்டிய கோட்டை ஒரு கைபிடியில் தட்டுப்பட்டு விழுந்துவிட்டது. "பிள்ளைகள் இன்னும் வரவில்லையா?" என்று, இந்தத் தடவை உண்மையான அக்கறையோடு கேட்டார்.

றொக்கோ கத்தியை மடியில் வைத்தார். "வழமைபோல ஓடர் கொடுத்தேன். தக்காளி வந்துவிட்டால் அவர்களும் வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். தக்காளி நாளை வரைக்கும் இருக்குமா? அழுகிவிடும். ஃபிராங்குக்கு அது தெரியும்." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரி லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். "இதை வாசி. என் மகன் செய்த வேலை."

நீல மையில் கையால் எழுதியதுபோல் அச்சடித்த கடிதம். அன்புள்ள றொக்கோ, உங்கள் அருமை மனைவி கொன்செத்தாவின் மறைவுக்கு மிகவும் வருந்துகிறேன். முழங்கால் வலியோடு ஒவ்வொரு நாளும் பேஸ்மென்ட் சமையலறைக்குப் படியிறங்குவது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று அறிவேன். உங்கள் வீட்டையே விரும்பும் ஒரு நல்ல குடும்பம் என்னிடம் இருக்கிறது. இப்படிப் போயிற்று. கீழே, வீட்டுத் தரகர் றோய் என்று கையெழுத்தும் ஒரு தொலைபேசி இலக்கமும்.

"முழங்கால் கதை யாருக்குத் தெரியும்?" என்றார் றொக்கோ. "நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியும், ஃபிராங்குக்குத் தெரியும். வேறு யார்? இதைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்றான். நான் சாகும் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லையா என்று கேட்டேன். தன் கோர்வையிலிருந்த இந்த வீட்டுத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான்." சுவரில் ஓர் ஆணியில் அந்தத் திறப்பு தொங்கியது.

சீமோன் கடிதத்தை மறுபடி வாசிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் கதை தெரிந்த இன்னொருவர் இருந்தார். றொக்கோ வீட்டில் மேல் சமையலறை பார்வைக்கு, கீழ் சமையலறைதான் சமைப்பதற்கு. அவர் கோப்பி வைக்கக் காலையில் கீழே இறங்குவார். படி நடுச்சுவரை ஒட்டி இருந்தது. ஒரு படி, ஒரு முனகல், கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு அடுத்த படி. சீமோன் தன்னுடைய தேநீரை வைத்துக்கொண்டு அதைக் காது கொடுத்துக் கேட்பார். இன்றைக்கு எத்தனை தரம் நின்றார் என்றுகூட எண்ணுவார். வைகாசியில், பேத்தியின் முதல் நற்கருணைக் கொண்டாட்டத்தில், ஸ்காபரோ மண்டபத்தில், கையில் விஸ்கியோடு, அக்காவின் மகன் றொய்சனிடம் அத்தனையையும் சொன்னார். வீடு விற்று வாங்கிக் கொடுப்பதுதான் றொய்சனின் தொழில்.

"மாமா, உங்கட பக்கத்து வீட்டுக் கிழவன் எப்பிடி, தனியவோ?" என்று அவன்தான் தொடங்கினான். "பக்குவமாக் கதைச்சுப் பாரன்" என்று சொன்னது இவர்தான். வீடு ஸ்டெபனிக்கு என்று சொன்னாரா, இல்லை மனதுக்குள் நினைத்ததோடு சரியா என்பது இப்போது ஞாபகம் வரவில்லை. றொய்சனிடம் உண்மையில் ஒரு குடும்பம் இருந்ததா, சாம்பல் நிற வீடு கட்டுகிற எவனாவது இருந்தானா என்பதும் தெரியவில்லை. வெள்ளைக்காரரிடமும் இத்தாலிக்காரரிடமும் அவன் தன் பெயரை றோய் என்று சுருக்கிக்கொள்வான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"என்ன, எழுத்து விளங்கவில்லையா?" என்றார் றொக்கோ.

"றெஜினாவையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் சீமோன், அவசரத்தில் தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவருடைய சமையலறைச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. தமிழருக்கு வீடு விற்கிற எல்லாரையும் போல றொய்சனும் ஒவ்வொரு தை மாதமும் சொந்தபந்தங்களுக்குக் கலண்டர் கொடுப்பான். நல்ல நாள், ராகு காலம், பெருநாள் எல்லாம் போட்ட கலண்டர். மேலே கோட்டும் சூட்டுமாகப் பல் தெரியச் சிரிக்கும் றொய்சன். கீழே தடித்த சிவப்பில் தொலைபேசி இலக்கம். எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் சீமோனுக்கு அது மனப்பாடம். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை, என்றாலும் பார்த்தார்.

"விக்கிறாராமோ?" என்றாள் றெஜினா.

சொன்னார். முழுவதையும் சொன்னார். சுவரில் காது வைத்ததைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கதிரையில் இருந்துகொண்டு மேசை விரிப்பின் சுருக்கத்தைத் தடவினாள்.

"உங்கட வாய்" என்றாள். பிறகு, "சொல்லாட்டி என்ன? அந்தாளுக்கு எப்பிடித் தெரியப்போகுது? பொடியன் இண்டைக்கில்லாட்டி நாளைக்கு வந்து தேப்பனோட சேருவான். சொன்னா இவர் எங்களோட ஆயுசுக்கும் கதையார். இந்தத் தெருவில வேற ஆர் எங்களோட கதைக்கினம்?"

அவள் சொன்னதெல்லாம் சரி. சீமோனும் வாசலிலிருந்து சமையலறை வரை அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். றொய்சனுக்கு ஒரு பேச்சு பேசினால் போதும். றொக்கோவோடு இருந்து பன்னிரண்டு பெட்டியையும் வெட்டிக் கொடுத்தால் பாவம் கழிந்துவிடும். போகப்போக எல்லாம் ஆறும். அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் கதிரைகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எண்பத்து நான்கு வயது மனிதன் ஒவ்வொரு ஏப்ரனாக மடித்து, ஒவ்வொரு கத்தியாகத் தீட்டி, இது மகனுக்கு, இது மகளுக்கு என்று வைத்திருப்பார்.

அவர் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார்.

"என்ன செய்யப்போறியள்?" என்றாள் றெஜினா எழும்பி. "கொஞ்சம் நில்லுங்கோ. நானும் வாறன்."

கராஜில் றொக்கோ வெட்டியதை அவித்து மெசினில் போடத் தொடங்கியிருந்தார். தோலும் விதையும் ஒரு பக்கத்தால் வர, சாறு மற்றப் பக்கத்தால் வாளிக்குள் இறங்கியது. றெஜினாவைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "வா, வா, பெண்கள் கை பட்டால்தான் ருசி" என்று ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, கட்டாமல் நின்றாள்.

சீமோன் மேசையில் கடிதத்தை விரித்து வைத்தார். அதன் பக்கத்தில் கலண்டரை வைத்தார். சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் மூன்று வசனமாக வாசலில் வைத்து ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது துண்டு துண்டாகத்தான். "அக்காவின் மகன்" என்றார். "நான் சொன்னேன். முழங்கால். சுவருக்குள்ளால் கேட்கும். ஃபிராங்க் இல்லை. நான்."

றொக்கோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விளங்காத எழுத்துக்களை, சூட்டுப் போட்ட பையனை, கீழேயிருந்த இலக்கத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலக்கைச் சுட்டுவிரலைக் கடிதத்திலிருந்த தொலைபேசி எண்ணின் முதல் இலக்கத்தில் வைத்தார். அங்கிருந்து கலண்டருக்குக் கொண்டுபோனார். மறுபடி கடிதத்துக்கு வந்து இரண்டாவது இலக்கம், மறுபடி கலண்டர். அவசரமே இல்லை. கொத்துவேலை செய்த தடித்த விரல், போன இடமெல்லாம் தக்காளிச் சாற்றில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போயிற்று. மெசினை ஒருவரும் நிறுத்தவில்லை, வாளி நிரம்பி வழிந்து சாறு அவர்களுடைய செருப்படிக்கு வந்துகொண்டிருந்தது. பத்தாவது இலக்கத்துக்கு வந்த விரல் அங்கேயே நின்றது. றொக்கோ அதை எடுக்கவுமில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை.