அவகாசம் வேண்டாம்

பயிற்சிக் கூட்டத்துக்கு மலையாளத்தில் சில்பசாலை என்று பெயராம். கல்லும் கிடையாது, உளியும் கிடையாது. எஸ்டேட் கிளப்பில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கொழுந்து கிள்ளுகிற முப்பது பொம்பளைகளை உட்காரவைத்து, ஜனநாயகம் சொல்லிக்கொடுக்க ஜிஜோ சார் என்று ஒரு மலையாளி வந்திருந்தார். சண்டையைப் பேசியே தீர்ப்பது எப்படி என்றும் சொல்லித் தருவாராம். த்தூ.

எங்கள் சண்டை கக்கூஸ் சண்டை. எங்கள் கீழ் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், எட்டு வீடு. இரண்டு வருஷத்துக்கு முந்திய மழையில் எங்கள் கக்கூஸ் குழி இடிந்து விழுந்தது. எஸ்டேட்காரன் எட்டிப் பார்க்கவில்லை. மேல் லயத்துக் கக்கூஸுக்குப் போனோம். குழி நிறைந்து வாசல்வரை வழிந்ததும் அவர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அள்ளிச் சுத்தம் செய்த பிறகும் பூட்டைத் திறக்கவில்லை. என் மருமகள் ஆனந்திக்கு எட்டு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்குகிறாள். போன வாரம் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிப்பதில்லை. குடித்தால் போகவேண்டுமே.

ஜிஜோ சார் ஒரு நூல் உருண்டையை எறிந்து பிடிக்கச் சொன்னார். நாம் எல்லோரும் ஒரே நூலில் கட்டப்பட்டவர்களாம். விட்டுக்கொடுப்பதுதான் பெரிய மனசாம். மத்தியானம் கிளப் கக்கூஸுக்குப் போனேன். சுவரெல்லாம் டைல்ஸ், மூலையில் வாசனை வில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் ஓட்டெடுப்பு. அவருக்குத் தமிழ் தெரியும் என்று காலையிலிருந்தே பீற்றிக்கொண்டிருந்தார். கீழ் லயத்து ஆட்களை மட்டும் எழுந்திருக்கச் சொல்லிக் கேட்டார்:

"மேல் லயத்துக் கக்கூஸ் காரியத்தில உங்களுக்கு அவகாசம் வேணுமா, வேண்டாமா?"

இரண்டு வருஷம் பொறுத்தது போதாதா, இன்னும் என்ன அவகாசம் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் கையை நான்தான் தூக்கினேன்.

"ஒரு நாள்கூட அவகாசம் வேண்டாம் சார்."

எட்டு வீட்டுக் கையும் கூடவே எழுந்தது. சாவியை முந்தானையில் முடிந்திருந்த மேல் லயத்து அன்னமேரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜிஜோ சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டினார், போட்டோ எடுத்தார், தாளில் கையெழுத்து வாங்கினார். எழுத்து மலையாளம். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, நாளைக்கே பூட்டைத் திறந்துவிடுவார்கள் என்று ஆனந்தியிடம் பெருமையடித்தேன்.

மறுநாள் அந்தத் தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆனந்தி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, மலையாளத்துல அவகாசம்னா உரிமை. அந்தக் கக்கூஸ்ல நமக்கு உரிமையே வேண்டாம்னு எல்லாரும் ஒருமனசா எழுதிக் குடுத்திருக்கீக."

அன்னமேரிக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவள் பார்த்த பார்வை அப்போதுதான் விளங்கியது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி. ஜிஜோ சாருக்குப் போன் போட்டேன். தப்பு வார்த்தையில் வந்ததுதான், ஆனால் தீர்மானம் ஜனநாயக முறைப்படி எடுத்தது, மாற்றுவதென்றால் இன்னொரு சில்பசாலை கூட்டவேண்டும் என்றார். ஆபீஸ் கிளார்க் ரத்தினசாமி நம்ம ஆள்தான், கம்பத்துக்காரர். அவரிடமும் போய், அடுத்த சில்பசாலை எப்போது என்று கேட்டேன். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆறு மாசம் ஆகும்க்கா. கொஞ்சம் அவகாசம் குடுங்க."

காறித் துப்பலாம் போல இருந்தது. யார் மேல் துப்ப? முதல் கை என் கை.

வீட்டுக்கு வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆனந்தி வாசலில் சுவரைப் பிடித்து நின்றாள்.

"அத்தே, அட்டை கடிக்கும். கால்ல தேய்க்கக் கொஞ்சம் உப்பு தாங்க."

அதே கையால் அள்ளிக் கொடுத்தேன். அவள் சரிவில் இறங்கினாள்.