நாலரை கிலோ குறைவு

"இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று ரௌஷான் மகளின் தட்டில் பாலாடையைச் சரித்தபோது, மேசையில் இருந்த மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

காரணம் இருந்தது. அந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் பாலாடைக் கிண்ணம் அக்போத்தாவின் கைக்கு எட்டாத பக்கத்தில்தான் இருக்கும். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளை ரௌஷான் துணி பீரோவில் வைத்துப் பூட்டுவாள். பதினைந்து வயதுப் பெண் இரண்டாவது ரொட்டித் துண்டில் கை வைத்தால், அம்மா அடுத்த அறையில் இருந்தாலும், "போதும்" என்ற சொல் வந்து விழும்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள் அக்போத்தா.

"ஒண்ணும் ஆகல. பெத்த பொண்ணுக்குப் போடக்கூடாதா?"

"நானும் நீ பெத்த பிள்ளைதாம்மா" என்று தட்டை நீட்டினான் அவளுடைய அண்ணன் இலியாஸ்.

"உனக்கு எதுக்கு? நீ மாப்பிள்ளை. இப்படியே இரு."

அப்பா எர்மெக் நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ இல்லறம் கற்றுக்கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் வசந்தகாலத்தில் இலியாஸுக்கு நிச்சயித்த பெண்ணுக்குத் தோடு போடப் போனபோது ஆரம்பித்தது. வீடியோக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "அந்தத் தங்கச்சி மட்டும் கொஞ்சம் அந்த டீ சமோவாருக்குப் பின்னால நிக்கட்டும், ஃபிரேம்ல அடங்கல" என்றான். அக்போத்தா நின்றாள். தேநீர் வந்தபோது பெண்ணின் அத்தை, "இது ஒரு பொண்ணா, ரெண்டு பொண்ணா?" என்று சிரித்தாள். சம்பந்தி வீட்டில் சிரிக்காமல் இருக்க முடியாது என்பதால் ரௌஷானும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் பதினொரு முறை பார்த்தாள். மகள் அதில் ஒரு நெற்றியும் ஒரு பின்னலுமாக இருந்தாள். கல்யாணம் செப்டம்பரில், சிம்கெண்ட் நகரத்திலேயே பெரிய மண்டபத்தில். முந்நூறு பேர், மூன்று கேமரா.

வயிற்றை வெட்டிச் சின்னதாக்கும் ஆஸ்பத்திரி நகரத்திலேயே இருந்தது. ரௌஷான் மகளை அங்கே அழைத்துப் போனாள். அறுவை மருத்துவர் சவுலே மராதோவ்னா பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. தூக்கத்துல மூச்சு நிக்கறதும் இல்ல. இவளுக்கு இது வேண்டாம்."

"சின்ன வயசுக்காரங்களுக்கும் நீங்க பண்றதாச் சொன்னாங்களே?"

"பண்ணியிருக்கேன். இவ வயசுப் பையன், நூத்தி எழுபது கிலோ. படுத்தா மூச்சு நின்னுடும். பண்ணாம விட்டிருந்தா இன்னைக்கு இருந்திருக்க மாட்டான். இப்பப் பந்து விளையாடறான். அவனுக்கு மறுபடியும் கேட்டாலும் பண்ணுவேன். உங்க பொண்ணு கதை வேற."

"எம்பொண்ணு அவனுக்கு எதுல கொறஞ்சு போயிட்டா, டாக்டரம்மா?"

மருத்துவர் தாள்களை மூடி வைத்தார். "நாலரை கிலோ கொறஞ்சு போயிட்டா. வேற வியாதி ஒண்ணும் இல்லாத பொண்ணுக்கு, இந்த உயரத்துக்கு நூத்தி ரெண்டரை கிலோ இருந்தாத்தான் விதிப்படி நாங்க யோசிக்கவே ஆரம்பிப்போம். இவ தொண்ணூத்தெட்டு. நல்ல விஷயம்தானே? ஆறு மாசம் வீடு மொத்தமும் சாப்பாட்டை மாத்துங்க, நடங்க, அப்பறம் பாக்கலாம். இன்னொண்ணு. எப்ப வந்தாலும் நான் இவளைத் தனியா உக்கார வெச்சுக் கேப்பேன். இவ வாயால சரின்னு சொல்லாம நான் கத்தி எடுக்கறதில்ல."

மருத்துவர் சொன்னதில் ரௌஷானின் காதில் ஏறியது ஒரு எண் மட்டும்தான். இரண்டு நாள் கழித்துப் பாலாடைக் கிண்ணம் இடம் மாறியது.

ரௌஷான் ஒரு எடை பார்க்கும் கருவி வாங்கி வந்தாள். பவுர்சாக் டப்பா பீரோவிலிருந்து விடுதலை பெற்றது. எர்மெக்கின் அண்ணன் ஒராஸ்பெக், தெருவில் எல்லோருக்கும் பெரியவர், குதிரைக் கறி அடைத்த கசீ இரண்டு சுருள் அனுப்பினார். அவர் மனைவி பிபிகுல் தினமும் வந்து நிலவரம் கேட்டாள்.

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"முந்நூறு கிராம்."

"அவ்வளவுதானா? ராத்திரி ஆட்டு வால்கொழுப்பு கொடுத்தியா இல்லையா?"

உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் இரண்டு வாரம் அக்போத்தா சந்தோஷமாக இருந்தாள். ஒளிந்து சாப்பிடத் தேவையில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் பசியோடு எழுந்திருக்காமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாவது வாரம் அவள் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கல்யாண விருந்துக்கென்று அங்கே ஒரு குதிரையைக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். பிபிகுல் அதன் விலாவைத் தட்டி, "நல்லா ஏறியிருக்கு, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்றாள். திரும்பி அக்போத்தாவின் முதுகைத் தட்டி அதையே சொன்னாள். குரலில்கூட வித்தியாசம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்போத்தா, "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்மா" என்றாள்.

"உனக்குத் தெரியாது. ஒரு வாரம் வலிக்கும். அப்பறம் ஆயுசுக்கும் ஒல்லி."

"ஒல்லியாகணும்னா டாக்டர் சொன்ன மாதிரி நடக்கறேன். முக்கா வயித்தை எதுக்கு வெட்டி எறியணும்? எனக்கு ஏதாவது வலிக்குதுன்னு சொன்னேனா?"

"எனக்கு வலிக்குதுடி" என்றாள் ரௌஷான்.

அந்த மாதத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது. சொல்லிவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல், ரொட்டி எடுத்துவர உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபடி எடை பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை கருவி நூற்றிரண்டு காட்டியது. இன்னும் அரைக் கிலோ. ஒராஸ்பெக் முடிவெடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக நடக்க ஆண்டவன் பெயரால் ஒரு ஆடு அறுத்து விருந்து போட்டுவிட வேண்டும். புண்ணியமும் ஆகும், அரைக் கிலோவும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் எர்மெக்கின் கூடத்தில் தாழ்ந்த மேசையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்தார்கள். மரியாதைக்குரிய இடத்தில் மரியாதைக்குரிய வயிறுகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒராஸ்பெக்கின் வயிறு. அவர் மூச்சு விடும்போது மேசைவிரிப்பின் ஓரம் லேசாக அசைந்தது. முல்லா ஓதி முடித்ததும் ஒராஸ்பெக் இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"இந்தப் பொண்ணு உடம்பு இளைச்சு, நாலு பேர் முன்னால நிக்கற மாதிரி ஆகட்டும். நல்ல எடத்துல வாழ்க்கைப்படட்டும்."

"ஆமீன்" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு பெஷ்பர்மாக் கறித் தட்டில் கை வைத்தார்கள்.

பெரியவர் தன் கையால் இறைச்சியை அள்ளி இளையவர் வாயில் ஊட்டுவது பெரிய மரியாதை. வேண்டாமென்று யாரும் சொன்னதில்லை. ஒராஸ்பெக் கறியும் மாவுத் துண்டும் வால்கொழுப்புமாக ஒரு பிடி உருட்டினார்.

"வா கண்ணு. வாயைத் தொற. அரைக் கிலோதான் மிச்சம்."

அக்போத்தா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் மண்டியிட்டாள்.

"தொறக்கறேன் பெரியப்பா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். நீங்க எத்தனை கிலோ?"

கூடம் சிரித்தது. ஒராஸ்பெக்கும் சிரித்தார். "நூத்தி முப்பதுக்குக் கீழ எறங்கினதே இல்ல" என்றார், பதவியைச் சொல்வது போல.

"சர்க்கரை இருக்கா?"

"பதினஞ்சு வருஷமா" என்றாள் பிபிகுல். "பிரஷரையும் சேத்துக்கோ. குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு மூச்சு நின்னுடும். நான்தான் தட்டி எழுப்புவேன்."

"அப்படீன்னா டாக்டர் சொன்ன விதியில இருக்கறது எல்லாமே உங்ககிட்ட இருக்கு பெரியப்பா" என்றாள் அக்போத்தா. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "எனக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு மாசமா அம்மா பாவம் ராப்பகலா ஊட்டியும் இன்னும் தேறல. நீங்க ஒரு கஷ்டமும் படாம தேறிட்டீங்க. நாளைக்கு எங்ககூட வாங்க. எனக்குப் பக்கத்துக் கட்டிலைக் கேட்டு வெக்கறேன்."

பெரியவரின் கை பாதியில் நின்றது. கொழுப்பு மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. மற்றக் கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது.

"எனக்கா? கத்தியா?" என்றார். "போடி பைத்தியக்காரி. நல்லா இருக்கற வயித்தை எவனாவது வெட்டிப்பானா?"

சொன்னது அவர் காதுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. முல்லா ரொட்டியைக் கவனமாகப் பிய்க்க ஆரம்பித்தார். ரௌஷான் தலைத் துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது, ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

"அண்ணன் சொன்னா சரிதான்" என்றார் எர்மெக்.

"நான் என்னடா சொன்னேன்?"

"நல்லா இருக்கற வயித்தை வெட்டக்கூடாதுன்னு. நம்ம குடும்பத்துல பெரியவங்க பேச்சை யாரும் தட்டினதில்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட இதையே சொல்லிடுவோம்."

"நான் என் வயித்தைச் சொன்னேன்டா."

"வயிறு வயிறுதானே அண்ணே."

ஒராஸ்பெக் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஒரு முகமும் இல்லை. கையிலிருந்த பிடியை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். அதை மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"டீ ஊத்து" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். தீர்ந்ததும் மறுபடி அரை, மறுபடி அரை. உட்காருங்கள், அவசரமில்லை என்று அதற்கு அர்த்தம். நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு.

அக்போத்தா கெட்டிலை எடுத்தாள். இரண்டு கைகளாலும், கற்றுக்கொடுத்தபடி பணிவாக, பெரியப்பாவின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள்.