பேக்கப் எடுத்தாச்சா

நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போன் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. ஹெல்ப்டெஸ்க் என்பார்கள். நாளைக்கு நாற்பது பேர். அதில் முப்பது பேருக்கு நான் கேட்பது என்னவென்றே புரியாது. கேச் கிளியர் பண்ணினீர்களா என்றால் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, பண்ணினேன் மேடம் என்பார்கள். அந்த ஒரு நொடிதான் விஷயம். ஆமாம் என்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி வந்தால் அது இல்லை என்று அர்த்தம், முகம் சுளிக்காமல் வேறு வார்த்தையில் திரும்பக் கேள் என்று சேர்ந்த முதல் வாரமே எங்கள் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தார். ஆறு வருஷமாக ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் அப்படித்தான் கேட்டு வருகிறேன். கூடப் பிறந்தவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அக்கா தையல்காரி. படிக்கிற காலத்தில் இங்கிலீஷ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். வீட்டுக்கு வைஃபை வந்த புதிதில், அந்தப் பெட்டியில் தூசி படக் கூடாதென்று பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள். விளக்கு எரிவது தெரிய வேண்டுமாம், முன்னால் சின்னதாக ஒரு ஜன்னல் வேறு. நான் சும்மா இருந்தேனா? போட்டோ எடுத்து, 'அக்கா வீட்டு வைஃபைக்குக் குளிர் காய்ச்சல்' என்று குடும்ப குரூப்பில் போட்டேன். சித்தப்பாவிலிருந்து பெரியம்மா பெண்கள் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தான் மட்டும் 'தையல் சுத்தமா இருக்கு' என்று எழுதினார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. ஆப்பை அப்டேட் பண்ணிட்டேன், லிங்க் அனுப்பு, நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டேன் என்று வெளுத்து வாங்கினாள். எதைச் சொன்னாலும் தெரியும் என்றாள். பரவாயில்லையே, அக்கா தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். போன வருஷம் ஒரு விபத்தில் போய்விட்டார், அவர் போனும் வண்டியோடு நசுங்கிவிட்டது. அக்காவுக்கு மிஞ்சியது அவர் குரல்தான். எழுதச் சோம்பல்பட்டு அவளுக்கு எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். சாப்பிட்டியா, மழை பிடிச்சுக்கிச்சு, ஓரங்கட்டியிருக்கேன், கண்ணாடி போட்டுக்கிட்டுத் தை. நாலு வருஷத்துப் பேச்சு அது. மிஷினில் உட்கார்ந்தால் போனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பாள். கூலிக்குத் தைக்கிற சட்டைகளுக்கு நடுவில் அத்தான் பேசிக்கொண்டே இருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். போன் ஆமையாக நகர்கிறது, அவர் குரல் விட்டு விட்டு வருகிறது என்று குறைப்பட்டாள். வாங்கிப் பார்த்தேன். கண்ட கண்ட படமும் வீடியோவும் ஏறி நிரம்பி வழிந்தது. ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்றேன். மூன்று மணிக்கு எனக்கு ஷிஃப்ட், கண் கடிகாரத்தில் இருந்தது.

"பேக்கப் எடுத்தாச்சா?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுனியை நாக்கில் நனைத்தாள்.

"எடுத்தாச்சு."

அந்த ஒரு நொடி என் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. வேறு யாராவதாக இருந்தால், உங்க மெசேஜெல்லாம் இன்னொரு இடத்துல சேத்து வச்சிருக்கீங்களாம்மா என்று கேட்டிருப்பேன். அக்காதானே என்று அழுத்தினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று இங்கிலீஷில் கேட்டது. அதற்கும் அழுத்தினேன்.

ஆப்பைத் திரும்ப ஏற்றி, நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். அக்கா திறந்தாள். ஒன்றுமில்லாத வெள்ளைத் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"சின்னவளே, அவரு எங்க?"

போனைப் பிடுங்கி, மெயில், கிளவுட் என்று தெரிந்த சந்து பொந்தெல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? எடுத்தாச்சுன்னு நீதானே சொன்ன என்று அவள்மேலேயே பாய்ந்தேன்.

"சொன்னேன்," என்றாள். அழவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

ஆபீசுக்கு லீவு சொன்னேன். அத்தான் குரல் யாரிடமாவது இருக்கிறதா என்று குரூப்பில் கேட்டேன். அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் தேடினார்கள். யாரிடமும் இல்லை. குரூப்பில் அவர் போட்டதே அந்தத் தையல் பற்றிய ஒரே வரிதான். வேறு ஏதாவது மெயில் ஐடி எழுதி வைத்திருப்பாளோ என்ற நப்பாசையில் மிஷின் டிராயரைத் திறந்தேன். அவள் அளவு நோட்டு இருந்தது.

முன்பக்கமெல்லாம் தோள், கை, இடுப்பு. பின்பக்கமிருந்து புரட்டினால், தமிழ் எழுத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள், எதிரே அவள் சொந்த விளக்கம். முதல் வார்த்தை வைஃபை. தேதி, நான் போட்டோ போட்டதற்கு மறுநாள். லிங்க், தொட்டா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். நோட்டிஃபிகேஷன், வாசல்ல நின்னு கூப்புடுறது. ஸ்டோரேஜ், அலமாரி. இப்படி ஆறு பக்கம். யாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாளோ, என்னிடம் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பேக்கப் என்று இருந்தது. எதிரே விளக்கம் இல்லை, பென்சிலில் ஒரு குறிப்புதான்.

'சின்னவகிட்டதான் கேக்கணும். அவ சிரிக்காத நேரமாப் பாத்து.'