அண்ணன் கேட்ட பதில்

பாலைவன எலியின் வயிறு மனித வயிற்றைப் போலவே கெடும். அதனால்தான் இரைப்பைக் கிருமியைப் பற்றிய அந்த ஆய்வுக்கூடத்தில் அவற்றை வளர்த்தார்கள். பத்து வருடமாக அவற்றுக்குக் கிருமியும் மருந்தும் கொடுத்து, கடைசியில் வயிற்றைத் திறந்து பார்ப்பது அவள் வேலை.

இந்த முறை கொடுத்த கிருமி அவள் அண்ணனுடையது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றெரிச்சலுக்காக மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டபோது, கையெழுத்து வாங்கி ஒரு துணுக்குச் சதையை ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள்.

"நீ வளர்க்கிற பிள்ளைங்களுக்கு நான் தாய்மாமன்" என்று சிரித்தார். எரிச்சல் அடங்கியதும் கிருமிக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இந்த வருடம் அதே வயிற்றில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. புற்று. ஆரம்பம்தான், பாதி வயிற்றை எடுத்தால் போதும் என்றார் சர்ஜன். கூடவே கிருமிக்கும் மாத்திரை கொடுத்தார். இந்தத் தடவை அண்ணன் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

அந்த வாரம்தான் முதல் தொகுதி எலிகளின் முடிவு வந்தது. கிருமி கொடுத்த சில வாரங்களிலேயே மருந்து பெற்றவை அவை. எல்லா வயிறும் வழவழவென்று இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"மருந்து கேட்டுடுச்சு அண்ணா. ஒண்ணுத்துக்கும் கிருமி இல்லை, கட்டியும் இல்லை."

"அப்படியா?" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் தொகுதி. ஒன்றரை வருடம் கிருமியோடு விட்டு, அதற்குப் பின் மருந்து கொடுத்தவை. முதல் வயிற்றைத் திறந்து உப்புநீரில் அலசினாள். மிளகு அளவில் ஒரு கட்டி. அடுத்ததிலும் இருந்தது. பன்னிரண்டில் பதினொன்றில் இருந்தது. கிருமியோ எதிலும் இல்லை. மருந்து கிருமியைக் கொன்றிருந்தது. கட்டி தன்பாட்டுக்கு வளர்ந்திருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணியை அழைத்தாள்.

"அண்ணி, ஆபரேஷன் முடிஞ்சு செக்கப்புக்குப் போனாரா? வேலை வேலைன்னு நான் வீட்டுப் பக்கமே வரலை."

"என்ன ஆபரேஷன்? மாத்திரையிலேயே சரியாயிடும்னு நீதான் சொன்னியாமே."

மறுநாளே மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்த சர்ஜன், கல்லீரலுக்கும் பரவிப் புள்ளி புள்ளியாக இருந்ததைக் காட்டினார்.

"இனிமே கத்தி வச்சுப் பிரயோஜனமில்லை" என்றார்.

வெளியே நடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் அண்ணா..."

"நீ எலியைப் பத்திச் சொன்ன. கத்திக்குப் பயந்தவன் காதுல அது வேற மாதிரி விழுந்துடுச்சு. உன் மேல என்ன தப்பு?"

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாவது மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரங்களில் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை.

அறிக்கையில் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று அவளே எழுதினாள். தெளிவான முடிவு என்று பேராசிரியர் பாராட்டினார். அவள் கூண்டு கழுவும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிக்கு போன் செய்கிறாள். மணி முழுக்க அடித்து ஓய்கிறது.