கீழ்மடிப்பில் நாலு விரல்

டிரைவருக்குப் பிரேக்கில் கால் எட்டாமல் போனது, அவர் ரிட்டயராவதற்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது. கால் ஒன்றும் குட்டையாகிவிடவில்லை. ஆள்தான் சீட்டுக்கு நாலு விரல் மேலே மிதந்துகொண்டிருந்தார். அந்த ஊரில் இது புதுசில்லை. எதையாவது ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற யாருக்கும் அங்கே கால் தரையில் பாவாது. லீவு விடப்போகிற வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழும்பி எழும்பிப் பாடம் கேட்கும். டீச்சர்கள் புத்தகப்பையை மடியில் வைத்து அமுக்குவார்கள். கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த பெரியவருக்கு ரெண்டு விரல். கல்யாணத் தேதி குறித்த பெண்ணுக்குக் கேட்கவே வேண்டாம், ஒரு சாண். காத்திருந்தது கைக்கு வந்ததும் ஆள் மெதுவாக இறங்கிவிடுவார். பிறகு வேறொரு ஆசை பிடிக்கும், மறுபடி எழும்புவார். டிரைவருக்கு ரிட்டயர்மென்ட்தான் அந்த ஆசை. வாலிப வயசிலிருந்து விடியுமுன் எழுந்து ஓடியவர், விடிந்த பிறகு எழுந்து சாவகாசமாக டீ குடிக்கப்போகிற ஒரு காலையை நினைத்து நினைத்தே உயர்ந்துகொண்டு போனார். டிப்போவில் மூளையைக் கசக்கி, ஆக்ஸிலேட்டரை மேலே வளைத்து, பிரேக் மேலும் கிளட்ச் மேலும் நாலு விரல் கனத்தில் ஒவ்வொரு மரக்கட்டையை வைத்து ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார்கள். மிச்சக் காலத்தை அந்தக் கட்டைகளை மிதித்தே ஓட்டி முடித்தார், ஒருத்தர் மேலும் உரசாமல். வழியனுப்பிய அன்று கட்டைகளைக் கழற்றிப் பாலிஷ் போட்டு, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அவர் மனைவி தையல்காரம்மா. மாடியில் வீடு, கீழே கடை. அந்த ஊரில் நேராகத் தைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆள் எவ்வளவு மிதக்கிறார் என்று பார்த்துத் தைக்கவும் தெரிய வேண்டும். அடுத்தவர் பாதத்தைப் பார்த்துப் பேசுவது அங்கே மரியாதை இல்லை. எங்கே தன் ஆசை கண்பட்டுப் போய்விடுமோ என்று எல்லாருக்கும் பயம். அதனால் பேன்ட்டோ கவுனோ, குதிகாலோடு அளவை நிறுத்தாமல் டேப்பைத் தரை வரைக்கும் விட்டு, இடைவெளி தெரியாமல் மறைத்துத் தைப்பாள். ஆசை நிறைவேறி ஆள் கீழே இறங்கியதும் துணியைக் கொண்டுவந்தால், மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுப்பாள். யாருக்கு எத்தனை விரல் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்கமாட்டாள், வெளியே மூச்சுவிடமாட்டாள். அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சொன்னால் சொன்ன நாளில் துணி கைக்கு வந்துவிடும். எதிர்க்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயரே நாளைக்கு மாஸ்டர். அவரிடம் சட்டை கொடுத்தவன் அதைப் போட்டுக்கொள்கிற காலத்தில் அவனுக்குத் தொப்பை விழுந்திருக்கும் என்பார்கள். தையல்காரம்மா அந்தக் கடைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள்.

ரிட்டயரான மறுநாள் டிரைவர் விடிந்த பிறகு எழுந்து டீ குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் நன்றாக இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கால் தரையைத் தொட்டுவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அடுத்ததாக எதிர்பார்க்க ஒன்றும் அகப்படவில்லை. ஜன்னலோரம் நின்று தன் பழைய பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், பாதம் தரைக்குள் இறங்கிவிட்டது. தரை விரியவில்லை. பிசைந்த மாவு மாதிரி வழிவிட்டது, காலை உருவினால் மூடிக்கொண்டது. படுத்தால் கட்டில் தாங்கும், உட்கார்ந்தால் நாற்காலி தாங்கும், நின்றால் தரை தாங்காது. ஹாலுக்குள் சேற்றில் நடக்கிறவர் மாதிரி காலை இழுத்து இழுத்து நடந்தார். கணுக்காலைத் தாண்டியபோது கீழே கடையின் கூரையில் ரெண்டு உள்ளங்கால் தெரிந்தது. துணி கொடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். “எங்க வீட்டுக்காரர்தான். ஜன்னல்கிட்ட நிக்கிறார்” என்பாள் தையல்காரம்மா, டேப்பை உதறிக்கொண்டே. பழக்கமானவர்கள் காலைப் பார்த்தே, “என்னண்ணே, சௌக்கியமா?” என்று கேட்பார்கள். மேலே ஒரு கட்டைவிரல் லேசாக அசையும்.

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தம் நார்மல், பிரஷர் நார்மல். எதிர்பார்க்க ஏதாவது கொடுங்கள் என்றார். இடுப்பைத் தாண்டவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொன்னார். அது அவளுக்கே தெரியும். போன வருஷம் குடோன் வாட்ச்மேன் ஒருவர் இப்படித்தான் இடுப்பைத் தாண்டி இறங்கி, ஒரு மத்தியானம் பார்த்தால் நாற்காலியும் விசிலும் மட்டும் கிடந்தன. தையல்காரம்மா பதறிப்போய் வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு டிரைவர் கையில் கொடுத்தாள். “லீவுக்கு வர்றேம்ப்பா, குட்டியையும் கூட்டிட்டு வர்றேன்” என்றாள் மகள். அவ்வளவுதான், டிரைவர் தரைக்கு மேலே வந்து ஒரு விரல் மிதக்கவே செய்தார். மகள் வந்தாள், பேத்தி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள், இருந்த நாளெல்லாம் கொண்டாட்டம். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய மனுஷன் மாடிப்படி ஏறி ஹாலில் கால் வைத்தார். முழங்கால் வரைக்கும் போய்விட்டார். தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பெரிய ஆசையாக ஏற்பாடு செய்தால் அது ஒரு நாள் வந்து சேர்ந்துவிடும். வந்து சேர்ந்ததும் இன்னும் ஆழமாக இறக்கிவிடும்.

அந்த நிலைமையிலும் டிரைவருக்குக் கிண்டல் போகவில்லை. “ஏம்மா, எனக்கு இனிமே அரை டிராயரே போதும். முழங்காலுக்குக் கீழ எதுக்குத் துணி? அதெல்லாம் உன் கடையிலதானே கிடக்கு” என்றார் ஒரு நாள். அவள் சிரித்தாள். பிறகு கீழே போய் வெட்டுத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மேலே வந்து, “அரையும் வேண்டாம் குறையும் வேண்டாம். நல்ல துணி ஒண்ணு வச்சிருக்கேன், முழுப் பேன்ட்டே தைக்கிறேன். சாயங்காலம் போட்டுக்கலாம்” என்று சொல்லி அளவெடுத்தாள். இடுப்பிலிருந்து டேப்பை விட்டாள். தரையைத் தொட்டதும் நிறுத்தினாள். கடைக்குப் போய் வெட்டித் தைத்தும் முடித்தாள். சாயங்காலம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் சரியாக அரை டிராயர். அவள் வெட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மிச்சக் கால் அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தரை வரைக்கும் அளந்த கை, வேறென்ன செய்யும்? மீதித் துணி பத்தாது, துணிக்கடையும் சாத்தியாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது.

“நாளைக்குத் தர்றேங்க.”

“நாளைக்கா? நீயா சொல்றே?” என்றார் டிரைவர். எதிர்க்கடைப் பக்கம் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இருக்கிற பேன்ட் எல்லாம் பழசாகிவிட்டது என்றும், புதுசை எந்தச் சட்டைக்குப் போடலாம் என்றும் தானாகவே பேச ஆரம்பித்தார். மறுநாள் காலையில் அவள் கடையைத் திறந்து அண்ணாந்து பார்த்தபோது, கூரையில் முழங்கால் இல்லை, ஆடுசதையும் இல்லை. கணுக்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. அவளுக்குக் கை ஓடவில்லை. எதிரே பார்த்தாள். நாளைக்கு மாஸ்டர் கடை வாசலில் துணிக்கு அலைகிற கூட்டம் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தர் காலும் தரையில் இல்லை. திட்டிக்கொண்டே ரெண்டு விரல் மிதந்தார்கள். அவள் கடையிலிருந்து பார்சலோடு போனவர்களோ தட்டுத் தட்டென்று தரையில் நடந்துபோனார்கள். இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமல் போனோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவள் கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனாள். நாளைக்கு மாஸ்டர் பயந்துபோய் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்து, தொழில் ரகசியத்தை ஒளிக்காமல் சொன்னார். “அக்கா, முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு சின்ன வேலை பாக்கின்னு சொல்லுங்க. காஜா போடற ஆள் வரலை, பட்டன் கலர் ஒத்துவரலை, அயர்ன் மட்டும் பண்ணணும், இப்படி. கைக்கு எட்டற தூரத்துலயே இருக்கணும், ஆனா கைக்கு வந்துடக்கூடாது.” பொய் சொல்லிப் பழக்கமில்லாத தையல்காரம்மா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காஜா போடுகிற ஆள் வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். முதல் வாரம் திக்கித் திணறிச் சொன்னாள். டிரைவர் கத்தினார். ஊருக்கெல்லாம் நேரத்துக்குத் தருகிறவள் கட்டின புருஷனுக்குத் தரமாட்டாயா என்று கேட்டார். கத்தக் கத்த மேலே வந்தார். குதிகால் போயிற்று, பாதம் போயிற்று, கூரையில் வெறும் விரல்நுனிகள் மட்டும் கொஞ்ச நாள் நின்றன. ஒரு காலையில் கூரை வெறும் சுண்ணாம்பாக இருந்தது. தையல்காரம்மா வெட்டுமேசையில் தலையைக் கவிழ்த்து, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மெஷினுக்கும் கத்தரிக்கும் சேர்த்து நன்றி சொன்னாள். நாளைக்கு மாஸ்டருக்கு ஒரு சட்டை தைத்து, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு பாவம் ஒரு விரல் இறங்கிவிட்டார்.

இப்படி வருஷங்கள் போயின. டிரைவர் காலையில் எழுந்ததும் டீயோடு கடைக்கு இறங்கி வந்து, “தச்சாச்சா?” என்பார். “நாளைக்கு” என்பாள். உடனே அவர், நாளைக்கு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு எங்கெல்லாம் போகலாம் என்று பேசுவார். பேசினபடியே பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அங்கெல்லாம் போய்விட்டும் வந்துவிடுவார். மகள் வந்தாள், போனாள். போன பிறகும் அவர் தரைக்கு மேலேதான் நின்றார், வீட்டில் ஒரு பேன்ட் பாக்கி இருந்ததால். ஆனால் தையல்காரம்மாவுக்கு ஒரு குறை. எடுத்த வேலையைப் பாதியில் விட அவள் கைக்கு வராது. வேறு துணி வாங்கி அந்தப் பேன்ட்டை அவள் முதல் மாசத்திலேயே தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, கடை அலமாரியில் கவுன்களுக்குப் பின்னால் மாட்டிவிட்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில் டிரைவர் கத்தரியைத் தேடி அந்த அலமாரியைத் திறந்துவிட்டார். அவள் திரும்பி வந்தபோது அவர் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த ஊர் மரியாதையை மறந்து அவள் அவர் பாதத்தைப் பார்த்தாள். இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று விரல் ரெண்டாகி, ஒன்றாகி, குதிகால் தரையைத் தொட்டது. இது மாடி இல்லை, இங்கே இறங்கினால் கீழே வெறும் மண்தான். டிரைவர் பேன்ட்டின் அடிப்பகுதியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து தன் காலோடு வைத்து அளந்தார். நாலு விரல் நீளம் கூடுதலாக இருந்தது. ஓட்டுநராக இருந்தபோது அவருக்கு அவள் தைத்த அதே அளவு.

“இதை எப்ப தச்சே?”

“நீங்க முழங்காலிலேருந்து மேல வந்துட்டிருந்தப்போ.”

“அப்பவே நாலு விரல் கூட விட்டியா?”

“ஆமா. தரையில நிக்கறதுக்கா தைப்பேன்?” என்றாள்.

டிரைவர் கூரையைப் பார்த்தார். அதில் தன் கால் தொங்கிக்கொண்டிருந்த நாளில், கீழே ஒருத்தி தான் மிதக்கப்போகிற உயரத்துக்குத் துணி விட்டு வெட்டியிருக்கிறாள் என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த கத்தரியை எடுத்து, பேன்ட்டின் இடுப்புப் பட்டனை நறுக்கென்று வெட்டினார். பட்டனை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பட்டன் லூசா இருக்கு பாரு. இப்படிக் கொடுத்தா எப்படிப் போட்டுக்கறது? வச்சுக் குடு. அவசரமில்லை, நாளைக்குப் போதும்.”

சொல்லும்போதே அவர் எழும்பினார். நாலு விரலோடு நிற்காமல் ஐந்துக்கும் போனார். தையல்காரம்மா சிரித்து, அழுது, போய் மெஷினில் உட்கார்ந்தாள். பட்டனை அப்புறம் பார்க்கலாம், ஒரு கவுனுக்குக் கை வைக்க வேண்டியிருந்தது. மிதிக்கப் போனால் கால் எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். அவளும் ஸ்டூலுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் விரல் கணக்குப் பார்த்தவள் தனக்கு ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை. நாளைக் காலையில் ஒருவர் டீயோடு இறங்கி வந்து தச்சாச்சா என்று கேட்கப்போகிறார். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

டிரைவர் மாடிக்குப் போய்ப் பரணிலிருந்து பிரேக் கட்டையையும் கிளட்ச் கட்டையையும் இறக்கிக்கொண்டு வந்தார். ரெண்டையும் மெஷின் மிதிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். சரியாகக் கால் எட்டியது. அந்தக் கவுன் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. பட்டன் இன்னும் நூல்பெட்டிக்குள்தான் இருக்கிறது, நாளைக்கு வைத்துவிடுவாள்.